ஒரு படகும் ஒரு யானையும்

போன சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பழைய ஹாலிவுட் கிசுகிசு பற்றி ஏதாவது படம் போடு என்றார்கள். மூன்று பேருக்கு ‘பேபிலான்’ (2022). எனக்கு பீட்டர் போக்டனோவிச்சின் ‘தி கேட்ஸ் மியாவ்’ (2001). ரிமோட் என் கையில் இருந்ததால் என் படம் ஓடியது.

ஆடம்பரத்தில் போட்டியே கிடையாது. பேபிலானில் பிராட் பிட், மார்கோ ராபி, ஒரு யானை, மொத்தம் 189 நிமிடம். டைட்டில் வருவதற்கே அரை மணி நேரம் ஆகிறது. இந்தப் பக்கம் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் சொகுசுப் படகு, அதில் சில விருந்தாளிகள், அவ்வளவுதான்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்: வதந்தியை இந்தப் படம் எப்படிக் கையாள்கிறது என்பது. தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸ் 1924 நவம்பரில் ஹெர்ஸ்டின் படகு விருந்துக்குப் போனார். சில நாளில் செத்துப்போனார். அதிகாரபூர்வமாக மாரடைப்பு. ஹெர்ஸ்ட் தன் காதலி மேரியன் டேவிஸோடு சாப்ளின் இருப்பதாக நினைத்துத் தவறுதலாக இன்ஸைச் சுட்டுவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. சாப்ளினோ தன் சுயசரிதையில், நான் அந்தப் படகிலேயே இல்லை என்கிறார். படம் ஊர்ப்பேச்சின் பக்கம்தான் போகிறது. ஆனால், இது அதிகம் பேர் காதில் ஓதிய கதை மட்டுமே என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்த நாணயம் எனக்குப் பிடித்தது.

அதைவிடப் பிடித்தது கதையின் முடிச்சு. தொழிலில் நொடித்துப்போன இன்ஸ், ஹெர்ஸ்டிடம் நல்ல பெயர் வாங்க, மேரியனுக்கு சாப்ளின் எழுதிக் குப்பையில் போட்ட காதல் கடிதத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டுகிறார். கோள் மூட்டிய ஆள்மேலேயே குண்டு பாய்கிறது. பிறகு, படம் முழுக்க அசட்டுத்தனமாக வளவளத்த கிசுகிசு எழுத்தாளர் லூயெல்லா பார்சன்ஸ், பார்த்ததை வெளியே சொல்லாமலிருக்க ஆயுள் முழுதுக்கும் வேலை கேட்டு பேரம் பேசுகிறார். சாவை விட அதை மூடி மறைக்கும் விதம்தான் குலை நடுங்க வைக்கிறது.

பேபிலான் நிஜப் பெயர்களைப் பெரும்பாலும் தவிர்த்து, ஒரு நடிகையின் மரணத்தில் சிக்கிய மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளின் விவகாரம் மாதிரியானவற்றைப் பாத்திரங்களுக்குள் கரைத்துவிடுகிறது. நியாயம்தான். ஆனால் எல்லாரும் எல்லாமும் செய்யும் ஊரில் எதை மறைப்பது? ரகசியமே இல்லாத இடத்தில் கிசுகிசுவுக்கு ஏது ருசி? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதல் பேசும்படக் காட்சியை எடுக்க, திரும்பத் திரும்ப டேக் போய், மூச்சுமுட்டும் பெட்டிக்குள் அடைபட்ட கேமராக்காரர் செத்தே போகும் இடம் இருக்கிறதே, அதற்கு ஈடான ஒரு காட்சி நான் போட்ட படத்தில் இல்லை.

பேபிலானை நான் வீட்டு டிவியில், இரண்டு தவணையாகத்தான் பார்த்தேன். அதில் வரும் விருந்தும் இசையும் தியேட்டரில் எப்படி இருந்திருக்குமோ. பார்த்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.