டிரான்ஸ்ஃபார்மா, கன்வர்ட்டா?

மன்னார்குடிப் பக்கம் பாரம்பரிய நெல் போடுகிற உழவர்களுக்கு, அரிசிப் பையிலும் கண்காட்சித் தட்டியிலும் வருகிற ஆங்கில வாசகங்களை நான் எழுதித் தருகிறேன். அவர்கள் "மாத்திட்டோம்" என்று சொல்லும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்ம் போடுவதா, கன்வர்ட் போடுவதா என்ற கேள்வி அடிக்கடி வரும். இப்போது பெரும்பாலும் கன்வர்ட்டைத்தான் போடுகிறேன்.

இலக்கணத்தில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டுக்கும் பின்னால் 'இன்டு' வரும். பால் தயிராவது போலத் தானாக நடப்பதற்கு டர்ன் இன்டு போதும்.

டிரான்ஸ்ஃபார்ம் என்றால் தோற்றமோ தன்மையோ அடியோடு மாறுவது. தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை ஆக்குகிறார்களே, அதற்குப் பொருந்தும். மாற்றம் நல்லதுக்குத்தான் என்ற பாராட்டும் அந்தச் சொல்லில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும். என் தயக்கமே அங்கேதான்.

கன்வர்ட் என்பது ஒரு பயன்பாட்டிலிருந்து, முறையிலிருந்து, அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. எவ்வளவு, எப்போதிலிருந்து என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான். நில அளவில் மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். மாவை ஏக்கராகக் கணக்கிடுவது கன்வர்ட். அரசு கொள்முதல் நெல்லில் 100 கிலோவுக்கு 68 கிலோ புழுங்கலரிசி தர வேண்டும் என்பது ஆலைகளுக்கான கணக்கு, அதுவும் கன்வர்ட். நாகப்பட்டினம் கடலோரத்தில் வயல்கள் இறால் பண்ணைகளானதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருப்பதும் கன்வர்ட்தான்.

எங்கள் உழவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ரசாயன உரத்தை நிறுத்தி இயற்கை வேளாண்மைக்கு வருகிற வயலுக்கு, சான்றிதழ் விதிகளில் 'கன்வர்ஷன் பீரியட்' என்று ஓர் இடைக்காலம் உண்டு. நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்குப் பொதுவாக 2 ஆண்டுகள். அந்த நேரத்தில் விளைந்த அரிசியின் பையில் 'டிரான்ஸ்ஃபார்ம்டு' என்று போட்டால், எல்லாம் முடிந்துவிட்டது என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். 'இன் கன்வர்ஷன்' என்றால் வயல் இன்னும் பாதி வழியில் இருக்கிறது என்று தெரியும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த உண்மை தெரிந்தே ஆக வேண்டும்.

சரி, கன்வர்ட் ஆகாத இடமும் ஒன்று உண்டு. 'வீ கன்வர்ட் ஃபார்மர்ஸ்' என்று தட்டியில் எழுதினால் உழவர்களை மதம் மாற்றுகிறோம் என்றுதான் படிப்பார்கள். ஆளை விட்டுவிட்டு, 'ஃபார்மர்ஸ் கன்வர்ட் தெயர் ஃபீல்ட்ஸ்' என்று வயலின் மேல் அந்த வினையை ஏற்றிவிடுகிறேன். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறிய கதை என்றால் டிரான்ஸ்ஃபார்ம்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்; அந்த மாதிரி நான் அதிகம் எழுதியதில்லை.