பால்போசிக்லிப் 125: வேலைக்கு நாலு மார்க், அட்டைக்கு ஒரு மார்க்

கேரளாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பயாலஜி சொல்லித்தரும் டீச்சர் நான். வேலந்தாவளத்தில் இருக்கும் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியது தெரிந்ததும் கோயம்புத்தூர் டாக்டர் எழுதித் தந்தது இரண்டு மாத்திரை: தினமும் லெட்ரோசோல், கூடவே பால்போசிக்லிப் 125 மில்லிகிராம். வாங்கி வருவதும் நாள் கணக்கு வைப்பதும் என் வேலை. அந்த உரிமையில்தான் இந்த விமர்சனம்.

எல்லோரும் முதலில் கேட்பது விலை. 2015ல் அமெரிக்காவில் ஃபைசர் கொண்டுவந்த மருந்து இது. அப்போதெல்லாம் ஒரு மாத மருந்துக்கு என் சம்பளம் பத்தாது. இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது, அப்புறம் நம்மூர்க் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. இப்போது சில ஆயிரங்களில் முடிகிறது. கடைக்குக் கடை தள்ளுபடி மாறும். கோயம்புத்தூர் உக்கடத்தில் கேட்டுவிட்டு இங்கேயும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"இது கீமோவா பாப்பா?" என்றாள் அக்கா. இல்லை. செல் இரண்டாகப் பிரியும் முன் ஜி1 என்ற கட்டத்தில் தயங்கி நிற்கும். அங்கே காவல் காப்பது ஆர்பி என்ற புரதம். டிஎன்ஏவைப் படியெடுக்கத் தேவையான ஜீன்களைக் கிளப்பிவிடும் ஈ2எஃப் என்ற இன்னொரு புரதத்தை அது பிடித்து வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் தூண்டினால் சைக்ளின் டி1 கூடும். அது சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்பியின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். பிடி தளரும், ஈ2எஃப் விடுபடும், செல் பிரியக் கிளம்பிவிடும். இதை அடக்க உடம்பிலேயே பி16 என்ற புரதம் உண்டு, அது சிடிகே4, 6 இரண்டையும் முடக்கும். டிஎன்ஏ அடிபட்டால் பி53 என்ற புரதம் தலையிட்டு பி21 என்ற புரதத்தை உண்டாக்கி, அடுத்த கட்டத்து சிடிகே2வை நிறுத்தும். புற்றுநோய்ச் செல்லில் இந்தத் தடைகளில் ஏதோ ஒன்று போயிருக்கும், அல்லது சைக்ளின் டி1 அளவுக்கு மீறி உண்டாகும். பால்போசிக்லிப் செய்வது பி16 செய்ய வேண்டிய வேலையை. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து சைக்ளின் வரத்தை அடைக்கிறது. ஒரே பாதையில் இரண்டு இடத்தில் மறிப்பதால்தான் ஜோடியாகத் தருகிறார்கள்.

குறையும் அதே இடத்தில்தான். ஆர்பியே தொலைந்துபோன கட்டியில் இந்த மருந்துக்கு வேலை இல்லை. முளைக்குச்சி பிடுங்கிப் போன பிறகு கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் மாடு நிற்காது. ஆர்பி இருந்தாலும், நாளாக ஆக சைக்ளின் ஈயும் சிடிகே2வும் சேர்ந்து சுற்றுவழி பிடிப்பது உண்டு. சரி, சைக்ளின் டி1, பி16 இரண்டையும் சோதித்துப் பார்த்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. இந்த மருந்தைச் சோதித்த பலோமா-1 ஆய்விலேயே அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், பலனில்லை. இன்றும் முதலில் பார்ப்பது ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவா, ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவா என்பதைத்தான். பயாலஜி டீச்சருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

666 பேரை வைத்து நடந்த பலோமா-2 ஆய்வில், லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் (மீடியன்) காலம் 14.5 மாதம், இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 24.8 மாதம். நல்ல லாபம். ஆனால் மொத்த ஆயுளில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. இதன் தங்கச்சி மாத்திரை ரிபோசிக்லிப்புக்கு அது தெரிந்தது. ஐந்தில் ஒரு மார்க் குறைத்தது அதற்காக. அப்புறம் ஏன் இது என்று டாக்டரிடமே கேட்டேன். ரிபோசிக்லிப் இசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரத்தை, நீட்டக் கூடியது, அக்காவின் இசிஜி ஏற்கெனவே சரியில்லை என்றார்.

21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. அந்த ஏழு நாள் சும்மா விட்டதல்ல. எலும்பு மஜ்ஜைச் செல்களும் சிடிகே6ஐ நம்பித்தான் பெருகுகின்றன, அதனால் வெள்ளை அணுக்கள் குறையும். கீமோ போல அவற்றைக் கொல்வதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கிறது. மாத்திரையை விட்டதும் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அக்காவுக்கு அசதி உண்டு, வாய்ப்புண் எப்போதாவது. முடி கொட்டவில்லை, அவளுக்கு அதில்தான் பரம திருப்தி.

இத்தனை முக்கியமான நாள் கணக்கு, அட்டையில் எங்கேயும் இல்லை. நாங்கள் வாங்கும் கம்பெனியின் பட்டையில் கிழமை போடவில்லை. உள்ளே மடித்து வைத்த தாள் முழுக்க இங்கிலீஷ், எறும்பு எழுத்து. கிரேப்ஃப்ரூட் சாப்பிடாதே என்று அதில் ஒரு வரி; அந்தப் பழத்தை எங்கள் சந்தையில் யார் கண்டார்கள்? மருந்தை உடம்பில் அளவுக்கு மீறி ஏற்றிவிடும் அதே வகைச் சரக்கு உள்ள பம்பளிமாஸ் அக்கா வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கிறது, அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. காலண்டரில் நானே சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பழம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று. ரத்த ரிப்போர்ட் வரும் முன் அடுத்த மாதத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். போன தடவை எண்ணிக்கை இறங்கியதால் டாக்டர் 100க்கு மாற்றிவிட்டார், வாங்கி வைத்த 125 பட்டை பிரிக்காமல் கிடந்தது. "பில்லு உண்டோ டீச்சரே?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். இருந்தது. எடுத்துக்கொண்டு 100 கொடுத்தார்.