மதுக்கடை மாடியா, சொந்த மண்டபமா?

ஃப்ரீமேசன் லாட்ஜ், அதாவது ரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் சகோதரச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, என்றாலே தூண் வைத்த மண்டபம்தான் கண்முன் வருகிறது. ஆனால் 1717-இல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜை (லாட்ஜ்களின் தலைமை அமைப்பை) உருவாக்கியதாக மரபு சொல்லும் நான்கு லாட்ஜ்களும் மதுக்கடைகளில் கூடியவை; கடையின் பெயர்தான் லாட்ஜுக்கும் பெயர்.

மதுக்கடை மாடியறையில் எதுவும் நிலையில்லை. சடங்குக்கான சின்னங்களைச் சாக்கட்டியாலும் கரியாலும் தரையில் வரைவார்கள். கூட்டம் முடிந்ததும் வாளியும் துணியுமாக வந்து ஒரு கோடு விடாமல் துடைத்துவிடுவார்கள். ரகசியம் காக்க இதைவிட எளிய வழி ஏது? விருந்தும் பாட்டும் அதே கூரையின் கீழ் நடந்தன.

மண்டபம் வேறு ரகம். லண்டனின் கிரேட் குயின் தெருவில் முதல் ஃப்ரீமேசன்ஸ் ஹால் 1776-இல் திறக்கப்பட்டது. தரைக் கோலம் காலப்போக்கில் துணிக்கு வந்து, பிறகு சித்திரப் பலகையில் நிலைத்தது. கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை, கிழக்கே தலைவரின் நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் நிரந்தர இடம். கௌரவம் கூடியது உண்மை. கூடவே கூரை ஒழுகினால் செலவு உறுப்பினர் தலையில் விழுந்தது. கடை மாடியில் அந்தக் கவலை கடைக்காரருடையது.

சடங்கின் அழகுக்கு மண்டபம். தோழமைக்கு, என்னைக் கேட்டால், அந்த ஈரத் தரைதான்.