டவரா, பேனலா? ஏடிசி வேலையும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையும்

போன வாரம் அண்ணன் மகள் வந்து நின்றாள். "சித்தப்பா, ஏடிசிக்குப் போடட்டுமா, ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போடட்டுமா?" ஏடிசி என்றால் விமான நிலைய டவரில் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர் வேலை; ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்த இடத்தில் சிக்னல் போடும் பேனல். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், கணக்கும் படித்திருக்கிறாள். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது இதே பேச்சுதான். நான் சம்பளத்தில் ஆரம்பிக்கவில்லை. "கண்ணாடி பவர் எவ்வளவு கண்ணு?" என்றுதான் கேட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரயில்வே கேட்பது ஏ-2 மருத்துவத் தகுதி. கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணிலும் 6/9 தெரிய வேண்டும். லேசிக் செய்துகொண்டு போனாலும் தள்ளிவிடுவார்கள். ஏடிசிக்குக் கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குறைபாடு இரண்டுக்குமே ஆகாது. ஒரு வருஷம் ராத்திரி பகலாகப் படித்துத் தேறி, கடைசியில் மெடிக்கலில் வெளியே வந்த பையன்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் முதல் கேள்வி கண்ணைப் பற்றி.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது வண்டி வரலாம் என்ற அனுமதி, வாங்காமல் வண்டியை விடமாட்டார். சிக்னலோடு இணைக்காத (இன்டர்லாக் இல்லாத) ரயில்வே கேட் என்றால், கேட்டை மூடிவிட்டதற்கு அடையாளமாக கேட்கீப்பர் போனில் ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார்; அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த காரியம். வானத்திலும் அப்படித்தான். கன்ட்ரோலர் சொன்ன உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு எண் மாறியிருந்தாலும் அதைக் காதில் பிடித்துத் திருத்துவது கன்ட்ரோலரின் பொறுப்பு. மாமா ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவரிடம் கேஸ் புக்கிங் நம்பரைச் சொன்னால், ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி, நாம் "சரி" என்ற பிறகுதான் எழுதுவார்.

எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் வேறு. வாளையாறு காட்டில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யானை நிற்கிறது என்று தகவல் வந்தால், சிவப்பு போட்டு வண்டியை நிறுத்தி வைக்கலாம். கோயம்புத்தூருக்கு மேலே வந்துவிட்ட விமானத்தை அப்படி நிறுத்த முடியாது. ஓடுபாதையில் ஒரு நாய் குறுக்கே வந்தால் இறங்க வந்ததை மறுபடி ஏற்றிவிட வேண்டும், பின்னால் வருவதைச் சுற்றவிட வேண்டும், எதில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்றும் பார்க்க வேண்டும். மேல்-கீழ் இடைவெளி 1,000 அடி, ராடார் உள்ள இடத்தில் பக்கவாட்டில் பொதுவாக 5 நாட்டிகல் மைல். அந்த நாற்காலியில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவிடாமல் இடைவேளை கொடுப்பது சும்மா இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்த இடைவேளை கிடையாது. எட்டு மணி நேரம், போக்குவரத்து குறைந்த ஸ்டேஷன் என்றால் 12 மணி நேர ரோஸ்டர்கூட உண்டு. சின்ன ஸ்டேஷனில் டிக்கெட்டும் அவரேதான் கொடுக்க வேண்டும். வண்டி லேட் என்றால் சண்டைக்கு வருபவர்களுக்குப் பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும். டவரில் அந்தத் தொல்லை இல்லை. ராத்திரி டூட்டி மட்டும் இரண்டிலும் உண்டு.

பணத்தில் ஏடிசி முன்னால் நிற்கிறது. ஏடிசியில் சேரும்போது கிடைக்கும் ஜூனியர் எக்சிகியூட்டிவ் பதவிக்குச் சம்பள விகிதம் 40,000 முதல் 1,40,000 வரை. எல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 13 லட்சம் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். அது கையில் வரும் தொகை அல்ல என்பது வேறு விஷயம். பயிற்சிக்குப் பிறகு மூன்று வருஷம் இருப்பேன் என்று 7 லட்சத்துக்குப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடிப்படைச் சம்பளம் 35,400, அதற்கு மேல் படிகள், ரயில்வே பாஸ்.

வீட்டுப் பக்கம் இருக்க வேண்டுமா? தெற்கு ரயில்வே என்றால் எங்கே தள்ளினாலும் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்ற ஆறு கோட்டத்துக்குள்தான். நமக்கு பாலக்காடு ஜங்ஷன் இருக்கிற ஒலவக்கோடு பக்கம் கிடைத்தால் யோகம்; மலையாளமும் தமிழும் இரண்டும் வருகிற பிள்ளைக்கு அங்கே மதிப்பு. ஏடிசிக்கு நாடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். பயிற்சியே பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா என்று எங்கேயோதான். நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் சியால் கம்பெனியுடையது, திருவனந்தபுரம் விமான நிலையம் அதானி கையில், ஆனால் இரண்டு டவரிலும் இருப்பது விமான நிலைய ஆணையத்தின் ஆட்கள். ஆக, பிடிக்கவில்லை என்றால் தாவுவதற்கு இன்னொரு கம்பெனி அநேகமாக இல்லை. ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலர், டிராபிக் இன்ஸ்பெக்டர் என்று பக்கத்து வாசல்கள் இருக்கின்றன.

பரீட்சையில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ரயில்வே பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், எந்த டிகிரியும் போதும். ஆனால் தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் போகும், அப்புறம் கணினியில் நடக்கும் மனத்திறன் தேர்வு ஒன்றும் உண்டு. ஏடிசிக்கு மைனஸ் மார்க் கிடையாது. ஆனால் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், குரல் தேர்வு, மனநலத் தேர்வு எல்லாம் தாண்ட வேண்டும். இடங்களும் குறைவு. 2025இல் ஏடிசிக்கு 309 இடம். 2024 ரயில்வே அறிவிப்பில் ஸ்டேஷன் மாஸ்டர் மட்டுமே 994. ஏடிசிக்குப் பொதுப்பிரிவில் 27 வயதோடு கதவு மூடிவிடும், ரயில்வேயில் 33 வரை பொறுப்பார்கள். கண் நன்றாக இருக்கிற பையன் என்றால் முதலில் ஏடிசி எழுது, ரயில்வே காத்திருக்கும் என்றுதான் சொல்வேன்.

அண்ணன் மகளுக்கு மைனஸ் ஒன்றே முக்கால். ஸ்டேஷன் மாஸ்டர் பேச்சு அதோடு முடிந்தது. வயது 22, அதனால் ஏடிசிக்கு இன்னும் சில தடவை எழுதலாம். பாடத்தில் கெட்டி, ஆனால் இங்கிலீஷில் எண்களைச் சொல்லும்போது அவசரப்பட்டு விழுங்கிவிடுகிறாள். குரல் தேர்வில் அது ஆகாது. சாயங்காலம் அரை மணி நேரம் மாமா வீட்டுக்கு அனுப்புகிறேன். அவர் ஒரு நம்பர் சொல்வார், இவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.