பக்கவாதத்துக்குக் கொரிய வைத்தியம்: உருண்டையா, ஊசியா?

கோரோசனை, கஸ்தூரி சேர்த்து உருட்டி, மேலே தங்க ரேக்கு ஒட்டிய மாத்திரைதான் உஹ்வாங் சோங்சிம்வோன். அரச வைத்தியர் ஹோ ஜுன் தொகுத்து 1613இல் அச்சான தோங்ய்போகாம் என்ற கொரிய மருத்துவ நூலில் பக்கவாதத்துக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது. பழைய செய்முறையில் பாதரசம் கலந்த ஜாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமமும் உண்டு. இப்போது அதை நீக்கிவிட்டார்கள். இன்றைக்குப் பரீட்சைக்கு முன்னால் படபடப்பு அடங்கவும் கொரியர்கள் இதை வாங்கிப் போடுகிறார்கள்!

ஆனால் வாய் கோணி விழுந்தவருக்கு இதைக் கரைத்து ஊற்றுவது ஆபத்து. விழுங்க முடியாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் வீணாகும்.

அக்குபங்சர் பெரும்பாலும் அதற்கு அப்புறம் வருவது. உச்சந்தலையிலும் கை கால்களிலும் ஊசி குத்தி, உடற்பயிற்சி சிகிச்சையோடு சேர்த்துச் செய்கிறார்கள். பலன் பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள், மின்சாரம் பாய்ச்சிக் குத்தும் ஊசி விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

செலவு? தென் கொரியாவில் அக்குபங்சர் ஊசிக்கு 1987 முதல் அரசுக் காப்பீடு உண்டு. மூலிகைக் கஷாயத்துக்கு 2020இல்தான் சோதனை முறையில், சில நோய்களுக்கு மட்டும் வந்தது.

என்னைக் கேட்டால் அக்குபங்சர் ஊசி பக்கம்தான் சாய்வேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவருக்கு மூலிகை சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். ஊசியில் அந்த மருந்து மோதல் இல்லை.