ஸ்பேம் வடிகட்டியோடு ஆறு ஆண்டுகள்

வேண்டாத விளம்பர மின்னஞ்சல்களைப் பிரித்து ஒதுக்கும் ஸ்பேம் வடிகட்டிக்குக் காசு கொடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். ஆறு ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத மின்னஞ்சலைத் திறந்தபோதும் கை முதலில் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போனது. என் புகாரே அதுதான்.

பிடிப்பதில் அது கெட்டி. என் தலைமுடி மீதும் கடன் தேவை மீதும் அக்கறை கொண்டவர்கள் நாளுக்கு நாற்பது பேராவது வருகிறார்கள். வாசல் தாண்டுவது ஒருவரோ இருவரோதான். நான் எதிர்பாராத நன்மையும் ஒன்று உண்டு. விளம்பரக் கடிதங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து அனுப்புவார்கள். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் படத்தைக் கேட்டு நம் கணினி அவர்களுடைய சர்வருக்குப் போகும். இந்த முகவரியில் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். என் வடிகட்டி அந்தப் படங்களை ஏற்றுவதே இல்லை. இதற்காக மட்டுமே இரண்டு ஆண்டுகள் அதைப் புகழ்ந்து திரிந்தேன்.

பிறகு அக்காவின் கடிதம் வந்தது. வந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. மகளின் இசை நிகழ்ச்சிக்கான அழைப்பு: "உடனே பார். கீழே உள்ள சுட்டியைத் தட்டு. இலவசம்தான், தாமதிக்காதே." 2002-இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரைக்குப் பின் வடிகட்டிகளில் பரவிய முறை இதுதான்: ஒரு சொல் குப்பையில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதங்களில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி முடிவு செய்வது. அந்தக் கணக்குப்படி என் அக்கா தேர்ந்த வியாபாரி. நிகழ்ச்சி முடிந்து ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தேன். விளக்கிச் சொன்னால், "என் கடிதமா உனக்குக் குப்பை?" என்கிறாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். குப்பையைப் படிக்காமல் இருக்கக் காசு கொடுத்தவன், இப்போது அதை ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

கோபத்தை வடிகட்டி மீது காட்டுவது நியாயமில்லைதான். 1978-இல் கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கண்டனம் வந்தது, ஆனால் கணினிகள் விற்றன என்றும் அவர் சொல்லிக்கொண்டார். விற்பனை நடக்கும்வரை இந்த விளம்பரக்காரர்கள் ஓயப்போவதில்லை.

நண்பருக்கு "வாங்காதீர்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். சென்ற வாரம்தான் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பணம் கட்டினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.