ஜி புரோட்டீன் மாடல் கிட்: பொருள் அருமை, கையேடு சொதப்பல்

செல்லுக்குள் சிக்னல் போவதைப் படத்தில் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்ததால் இந்தக் காந்த மாடல் கிட்டை வாங்கினேன். செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ரிசெப்டார் (வெளியிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் புரோட்டீன்), அதன் அடியில் ஆல்பா, பீட்டா, காமா என மூன்று துண்டுகளாக, சிக்னலை உள்ளே கடத்தும் ஜி புரோட்டீன். ஆல்பாவின் குழிக்குள் ஒரு குவானோசின் டைபாஸ்பேட், அதாவது இரண்டு பாஸ்பேட் கொண்ட சிறு மூலக்கூறு (மூன்று இருந்தால் ட்ரைபாஸ்பேட்; சுருக்கிச் சொன்னால் இரண்டுமே தமிழில் ஜிடிபிதான், அதனால் இனி டை, ட்ரை). மேலே ஹார்மோனைச் செருகினால் ரிசெப்டார் லேசாகத் திரும்புகிறது, குழி தளர்ந்து டை வெளியே விழுகிறது, அந்த இடத்தில் ட்ரையை வைத்ததும் டக்கென்று ஆல்பா தனியாகக் கழன்றுகொள்கிறது. பீட்டாவும் காமாவும் மட்டும் பிரியவே மாட்டேன் என்கின்றன, நிஜத்திலும் அப்படித்தான்.

கையேடுதான் மோசம். டையோடு இன்னொரு பாஸ்பேட் ஒட்டி ட்ரை ஆகிறது என்று போட்டிருக்கிறார்கள். தப்பு, பழையது போய்ப் புதியது வருகிறது, அவ்வளவுதான். ஆல்பாவைச் சவ்வோடு பிடித்துவைக்கும் கொழுப்பு வாலும் கிட்டில் இல்லை.

எனக்குப் பிடித்தது காலரா துண்டு, அதாவது காலரா கிருமியின் நச்சைக் காட்டும் துண்டு. ஆல்பா ட்ரையின் ஒரு பாஸ்பேட்டை வெட்டித் தானே அணையவேண்டும்; இந்தத் துண்டை மாட்டினால் வெட்ட முடியாது. ஆல்பா அணையாததால் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு) ஏறிக்கொண்டே போய், குடல் செல்கள் குளோரைடையும் நீரையும் கொட்டுவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்துக்கு நான்கு ஸ்டார்.